கையில் ஊசி, காலடியில் பிள்ளை: மார்கழிக்குள் ஒரு தொப்பி

எங்கள் வீட்டில் பின்னல் வேலை ஒரு கேள்வியில் தொடங்கியது. திருவெம்பாவைக் காலம். விடிய நாலரைக்கு ஒன்றரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு வெளிக்கிட்டேன். வாசலில் வைத்தே அம்மா மறித்தார். "பிள்ளையின்ர தலையில ஒன்றும் போடேல்லையோ? பனியெல்லே!" கொழும்பில் அந்த நேரத்தில் 22, 23 பாகைக்குக் கீழே போவது அரிது. ஆனாலும் கடற்காற்று அடிக்கிற வெள்ளவத்தை ஒழுங்கையில், நித்திரையால் எழும்பிய பிள்ளைக்கு அது குளிர்தான். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோவில் முழுக்கக் கருங்கல். விடியலில் அதற்குள் நின்றவர்களுக்கு அம்மா கேட்டதன் பொருள் விளங்கும்.

இந்தக் கட்டுரை ஒன்று முதல் மூன்று வயது வரையான பிள்ளை உள்ள, ஊசியை இதுவரை தொடாத ஒருவருக்கானது. முதலில் ஒரு சிறு முகத்துணி, பிறகு ஒரு தொப்பி. தொப்பியை மூன்று இடத்துக்குப் பின்னலாம்: கொழும்பு விடியலுக்கு, டிசம்பர் விடுமுறையில் நுவரெலியாவுக்கு, அல்லது ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சியின் பிள்ளைக்கு. அளவும் பின்னலும் கிட்டத்தட்ட ஒன்றே. நூல்தான் மாறும்.

தொடங்க முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில், எந்த நொடியிலும் அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடக்கூடிய வேலைதான் முடியும். நூல், ஊசி, பின்னல் வகை, இருக்கும் இடம் எல்லாவற்றையும் இந்த ஒரு அளவுகோலால்தான் தெரிவு செய்ய வேண்டும். நான் முதலில் அழகான படங்களைப் பார்த்துத் தெரிவு செய்தேன். மூன்று வேலைகள் பாதியில் நின்றன.

நூல்

புறக்கோட்டைக்குப் போவதுதான் நல்லது. காலி வீதியில் 100 அல்லது 101 இலக்க பஸ் எடுத்தால் நேரே போகலாம். பிரதான வீதி, கெய்சர் வீதிப் பக்கம் துணிக்கடைகளுக்கு நடுவே தையல் சாமான் கடைகளைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நூலைக் கையில் எடுத்து, கழுத்தில் உரசி, வெளிச்சத்தில் பார்த்து வாங்க அரை மணித்தியாலமாவது வேண்டும்.

கடையில் எந்தப் பின்னல் நூலையும் 'வுல்' என்றே சொல்வார்கள். அதில் பெரும்பாலானது அக்ரிலிக். கம்பளி என்று சொல்லித் தந்த நூலில் மகளுக்கு ஒரு சுவெற்றர் பின்னினேன். அதைப் போட்டுக்கொண்டு ஒரு பின்னேரம் இருந்தாள், கழுத்தெல்லாம் வேர்க்குரு. அன்றிலிருந்து வீட்டில் எரித்துப் பார்க்கிறேன். பிள்ளை நித்திரையில் இருக்கும்போது, குசினித் தொட்டிக்கு மேலே, ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். உண்மையான கம்பளி தலைமயிர் கருகிய மணம் தரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணிபோலக் கெட்டியாகும். பருத்தி கடதாசி எரிந்த மணம் தரும்.

கொழும்புக்குப் பருத்திதான். வியர்வையை உறிஞ்சும், எத்தனை முறை கழுவினாலும் தாங்கும். ஆனால் பருத்தி இழுபட்டுத் திரும்பாது. அதனால் அளவு சரியாக இருக்க வேண்டும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் புல்லின் மேல் துகள் உறைபனி படியும். அங்கே இரண்டு மூன்று நாள் நிற்க அக்ரிலிக் தொப்பி போதும். ரொறன்ரோவில் பூச்சியத்துக்குக் கீழே போகும் குளிர் மாதக்கணக்கில் நிற்கும், அதற்குக் கம்பளி வேண்டும். ஆனால் வாங்க முன் தங்கச்சியிடம் ஒன்று கேளுங்கள்: உடுப்பை இயந்திரத்தில் போட்டுத்தான் கழுவுகிறாளா? சாதாரணக் கம்பளி சூடான நீரிலும் சுழற்சியிலும் திரண்டு சுருங்கும். வெளியே எடுக்கும்போது பொம்மைக்குத்தான் அளவாக இருக்கும். இயந்திரத்தில் கழுவலாம் என்று லேபிளில் உள்ள கம்பளியோ, கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நூலோ அவளுக்குச் சரி.

தடிப்பு: 'டிகே' என்று போட்டிருப்பதை எடுங்கள். சில நாட்டு நூல்களில் '8 பிளை' என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். ஒரு தொப்பிக்கு 100 கிராம் வாங்கினால் முகத்துணிக்கும் மிஞ்சும். நிறம் வெளிறியதாக இருக்கட்டும். கறுப்பு, கடும் நீலத்தில் கண்ணிகள், அதாவது ஊசியில் வரும் நூல் வளையங்கள், தெரியாது, அதுவும் இரவு மின்குமிழ் வெளிச்சத்தில்.

நல்ல கம்பளி நூல் கொழும்பில் எளிதில் அகப்படாது. அதற்கு ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி. பழைய கம்பளிச் சுவெற்றர் ஒன்றைப் பிரித்து நூலெடுப்பது. பரணில் கிடப்பதாக இருக்கலாம், நுவரெலியாக் கடைத்தெருவில் வாங்கியதாக இருக்கலாம். எடுக்க முன் உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலைப் பாருங்கள். ஓரம் வெட்டப்பட்டு, ஓவர்லொக் பூட்டியிருந்தால் விடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் நூல் அறுந்து சாண் சாணாக வரும். இரண்டு ஓரமும் முழுசாக இருந்து சங்கிலிபோலத் தைத்திருந்தால் முழு நூலும் ஒரே இழையாக வரும். தையலைப் பிரித்து, கழுத்துப் பக்கத்திலிருந்து இழுத்து, கதிரையின் முதுகில் சுற்றிக்கொண்டே வாருங்கள். நூடில்ஸ்போலச் சுருண்டிருக்கும். நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, இளஞ்சூட்டு நீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, கீழே சிறு பாரம் கட்டி நிழலில் தொங்கவிட்டால் நேராகிவிடும்.

ஊசி

அம்மம்மாவின் தகரப் பெட்டியில் பின்னல் ஊசி இருக்கும். எடுத்துப் பாருங்கள், ஆனால் அதன் இலக்கத்தை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். பழைய பிரித்தானிய ஊசிகளில் இலக்கம் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். அமெரிக்க இலக்கம் அதற்கு நேர்மாறு. பிரித்தானிய 8 என்பது 4 மி.மீ., அமெரிக்க 8 என்பது 5 மி.மீ. ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி அனுப்பிய பின்னல் குறிப்பில் ஊசி 8 என்று இருந்ததால், அம்மம்மாவின் 8ஆம் இலக்க ஊசியில் பின்னி, பொம்மைத் தொப்பி அளவில் ஒன்று கிடைத்தது எனக்கு. மி.மீ. கணக்கை மட்டும் பாருங்கள். நமக்கு வேண்டியது 4 மி.மீ.

நேரான நீள ஊசிகளைவிட வட்ட ஊசியை வாங்குங்கள். இரண்டு குட்டை ஊசிகளை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வடம் இணைக்கும், அவ்வளவுதான். வட்டமாகத்தான் பின்ன வேண்டும் என்றில்லை. வரிசை முடிந்ததும் திருப்பிப் பிடித்தால் நேராகவும் பின்னலாம். 60 செ.மீ. நீளம் போதும். பிள்ளை திடீரென்று அழுதால், கண்ணிகளை நடுவில் வடத்துக்குத் தள்ளிவிட்டு எழும்பலாம், ஒன்றும் கழலாது. நீள ஊசியில் இது நடக்காது. பிள்ளை ஓடிவந்து மடியில் விழும்போது நீள ஊசியின் முனை எங்கே நிற்கிறது என்பதும் பெரிய விஷயம்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் உருக்கு ஊசி வேண்டாம், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். அலுமினியமோ மூங்கிலோ எடுங்கள். வியர்க்கும் கையில் மூங்கில் சற்றுப் பிடித்துக்கொள்ளும். பழகுபவருக்கு அது நல்லது, கண்ணி வழுக்காது.

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே பழகலாமா என்று பலர் கேட்பார்கள். அதில் ஒரே ஒரு கண்ணிதான் எப்போதும் திறந்திருக்கும், கீழே வைப்பது இன்னும் எளிது. உங்களுக்கு அது பிடித்தால் தாராளமாகப் பழகுங்கள். தொப்பிக்கு இரண்டு ஊசிப் பின்னலை நான் சொல்வது, அது தலையோடு இழுபட்டுப் பொருந்துவதால்.

முதல் வாரம்: முகத்துணி

நூல் நுனியில் ஒரு சாண் விட்டு, ஒரு சுருக்குக் கண்ணி போட்டு இடது ஊசியில் மாட்டுங்கள். இறுக்க வேண்டாம். இனிப் பின்னலின் நாலு அசைவு. அம்மா எனக்குச் சொல்லித் தந்தபடியே சொல்கிறேன்: குத்து, சுற்று, இழு, விடு.

வலது ஊசியை அந்தக் கண்ணிக்குள், முன்பக்கமிருந்து பின்பக்கம் போகும்படி குத்துங்கள். பின்னால் நிற்கும் நூலை வலது ஊசி முனையின் அடியால் எடுத்து, இரண்டு ஊசிக்கும் இடையால் முன்னுக்கு வரச் சுற்றுங்கள். சுற்றிய நூலைக் கண்ணிக்குள்ளால் முன்னே இழுங்கள். இப்போது வலது ஊசியில் புதுக் கண்ணி ஒன்று இருக்கும். கண்ணி சேர்க்கும்போது 'விடு' இல்லை. புதுக் கண்ணியை இடது ஊசியில் மாட்டிவிட வேண்டும். இப்படி 30 கண்ணி வரும் வரை செய்யுங்கள்.

30 வந்ததும் உண்மையான பின்னல் தொடங்கும். குத்து, சுற்று, இழு. இம்முறை பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். வரிசை முடியும் வரை இதுதான். முடிந்ததும் கைமாற்றி, அடுத்த வரிசையும் இதேதான். புறத்துக்கொரு பின்னல் தேவையில்லை. இந்தப் பின்னலில் இரண்டு வரிசைக்கு ஒரு மேடு எழும்பும். எத்தனை கண்ணியோ அத்தனை மேடு வந்தால் துணி சதுரமாகும். அளவுநாடா தேவையில்லை. 30 கண்ணி, 30 மேடு, ஏறத்தாழ 15 செ.மீ. சதுரம்.

இந்த ஒரு பின்னலைத் தெரிவு செய்ததற்குக் காரணம், எல்லா வரிசையும் ஒன்றுதான். பிள்ளை கூப்பிட்டு எழும்பிப் போய், சோறு தீத்தி, கழுவி, இரண்டு மணித்தியாலம் கழித்து வந்தாலும் எதையும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. வரிசையின் நடுவில் விட்டால் ஒரு குழப்பம் மட்டும் வரும்: எந்தப் பக்கம் போவது? உருண்டைக்குப் போகும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ, அது வலது கைக்கு. இதை மறந்து திருப்பிப் பிடித்தால் நடுவில் ஒரு ஓட்டை விழும்.

முதல் துணி ஒரு பக்கம் அகன்று வரும். ஓரத்தில் ஒரு கண்ணியை இரண்டாகப் பின்னியிருப்பீர்கள். எல்லோருக்கும் நடப்பது. பத்து வரிசைக்கு ஒருமுறை கண்ணியை எண்ணுங்கள், 31 என்றால் இரண்டைச் சேர்த்துப் பின்னிவிடுங்கள். பிரிக்க வேண்டாம். முகம் துடைக்கும் துணிதானே.

முடிக்க: இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் மேலால் தூக்கிக் கழற்றுங்கள். இன்னொன்று பின்னி, மறுபடி தூக்குங்கள். கடைசிக் கண்ணிக்குள்ளால் நூலை வெட்டி இழுத்தால் முடிந்தது. தளர்வாகச் செய்யுங்கள், இறுகினால் ஓரம் சுருங்கும்.

கார்த்திகை விளக்கீட்டுக்குள் இதை முடித்தால் மார்கழிக்குத் தொப்பி வரும். விளக்கீட்டன்று நூற்கூடையை விளக்குகளுக்குத் தூரமாக வையுங்கள்.

தொப்பி

வடிவம் மிக எளிது. நீளமான ஒரு செவ்வகம், நடுவில் மடித்து இரண்டு பக்கமும் தைத்தால் தொப்பி. தலையில் போட்டதும் இரண்டு மூலையும் பூனைக் காதுபோல நிற்கும்.

பிள்ளையின் நெற்றிக்கு மேலால் தலையை அளவுங்கள். இரண்டு வயதில் பெரும்பாலும் 47, 48 செ.மீ. வரும். கம்பளி, அக்ரிலிக் என்றால் 4 செ.மீ. கழியுங்கள். பருத்தி என்றால் 2. மிச்சத்தைப் பாதியாக்குங்கள், அதுதான் செவ்வகத்தின் அகலம். முகத்துணியில் 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள், பெரும்பாலும் 20 இருக்கும். அப்படியானால் செ.மீ.க்கு 2. 48 செ.மீ. தலைக்குக் கம்பளியில் 44 கண்ணி, பருத்தியில் 46 என்று கணக்கு வரும். உங்கள் கை இறுக்கம் என்றால் எண்ணிக்கை கூடும். என் எண்ணை அப்படியே எடுக்காமல் உங்கள் துணியை எண்ணிப் போடுங்கள்.

நீளம் 42 செ.மீ., அதாவது 84 மேடு. ஒவ்வொரு பக்கமும் 18 செ.மீ. தலைக்கு, 3 செ.மீ. மடித்து விட. தொடக்கத்தில் ஒரு மேட்டுக்கு எட்டுப் பத்து நிமிடம் போகும். மத்தியான நித்திரைக்கு ஐந்து மேடு என்று வைத்தால் பதினேழு நாள். பிள்ளைக்குத் தடிமன் வந்தால், மாமியார் வந்தால் அது மூன்று கிழமையாகும்.

இருபது மேட்டுக்கு ஒருமுறை, பல் துலக்கும் மெல்லிய நூலையோ வேறு நிறத் தையல் நூலையோ எல்லாக் கண்ணிக்குள்ளாலும் கோத்து விடுங்கள். ஊசியை முழுவதும் பிள்ளை உருவினாலும், அந்த இழைக்குக் கீழே எதுவும் அவிழாது. என் மகள் இருமுறை உருவியிருக்கிறாள். அப்படி நடந்தால் நூலை இழுக்காதீர்கள். துணியை மேசையில் தட்டையாக வைத்து, மெல்லிய ஊசியால் கண்ணிகளைத் திரும்ப எடுங்கள். தானாக எதுவும் விரைந்து அவிழ்வதில்லை, பதற்றத்தில் நாம் இழுக்கும்போதுதான் அவிழும்.

முடித்ததும் நடுவில் மடித்து, முனை மழுங்கிய ஊசியில் அதே நூலைக் கோத்து இரண்டு பக்கமும் தையுங்கள். கீழே 3 செ.மீ. மட்டும் மறுபுறத்தால் தையுங்கள். மடித்துவிடும்போது தையல் வெளியே தெரியாது. நூல் நுனிகளை முடிச்சுப் போட்டு விடாதீர்கள், தலையில் குத்தும். 5 செ.மீ. தூரம் மேடுகளுக்குள் போய்வரக் கோத்து வெட்டுங்கள்.

ரொறன்ரோவுக்குப் போகும் தொப்பிக்கு உள்ளே மென்மையான துணி ஒன்றை லைனிங் வைத்துத் தையுங்கள். பின்னலின் ஓட்டைக்குள்ளால் காற்று போகும், அந்த ஊர்க் காற்றைப் பின்னல் மட்டும் மறிக்காது.

பிள்ளைக்கும் ஒரு வேலை

நித்திரை நேரம் மட்டும் போதாது என்று கெதியில் தெரிந்துவிடும். அவள் விழித்திருக்கும்போது நான் பின்னுவது கதிரையில் அல்ல, பாயில். அவளுக்கும் ஒரு பங்கு இருந்தால் பத்து நிமிடம் கிடைக்கும்.

பிரித்த நூலை உருண்டையாக்கும்போது அவள் இரண்டு கையையும் நீட்டிப் பிடிப்பாள், நான் சுற்றுவேன். பால்மாத் தகரத்தின் பிளாஸ்டிக் மூடியில் ஒரு துளை போட்டுக் கொடுத்தால், விரல் நீளத்துக்கு வெட்டிய நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திணித்துக்கொண்டிருப்பாள். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டிப் பீற்றூட் சாற்றில் தோய்த்து, கடதாசியில் குத்தினால் பூ. ரொறன்ரோப் பொதிக்கு அந்தக் கடதாசிதான் சுற்றுகிற தாள். தங்கச்சி தொப்பியைவிட அதைத்தான் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

நூல் விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒரு சாணுக்கு மேல் நீளமான நூலைப் பிள்ளை தனியே வைத்து விளையாடக்கூடாது. கழுத்தில் சுற்றும். உருண்டை சுற்றி முடிந்ததும் மேல் லாச்சிக்கு. கத்திரிக்கோலும் அங்கேதான்.

பிள்ளைக்குப் பின்னும்போது வைக்கக்கூடாதவை

தொப்பிக்குக் கழுத்தில் கட்டும் நாடா வைக்காதீர்கள். அம்மாவின் காலத்தில் வைத்தார்கள், வடிவாகத்தான் இருந்தது. விளையாட்டுத் திடலில் ஏதாவது ஒன்றில் கொழுவினால் கழுத்தை இறுக்கும். சின்னப் பிள்ளைக்கு நீளச் சால்வையும் அதே காரணத்தால் வேண்டாம். தலையால் போடும் கழுத்து வளையம் பின்னுங்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பொத்தான், மணி, ஒட்டிய கண் எதுவும் வேண்டாம். பிய்த்தால் வாய்க்குத்தான் போகும். கண் வேண்டுமென்றால் நூலால் தையுங்கள். கையுறை, காலுறை பின்னினால் உள்ளே திருப்பிப் பாருங்கள். தளர்ந்த நூல் விரலில் சுற்றினால் இரத்தம் ஓடாது, பிள்ளைக்குச் சொல்லவும் தெரியாது. காரணமில்லாமல் அழும் பிள்ளையின் விரல்களைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

வீட்டுக்குள் நித்திரையாகும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள். பிள்ளை உடம்புச் சூட்டை வெளியேற்றுவதில் தலைக்குப் பெரிய பங்கு உண்டு.

தங்கச்சிக்கு இன்னொன்றும் பின்னலாம்: கை இல்லாத மெல்லிய சுவெற்றர். அங்கே காரில் பிள்ளை இருக்கையின் பட்டிக்குள் தடித்த குளிர் அங்கி போடக்கூடாது. அங்கி அமுங்கும்போது பட்டி தளர்ந்துவிடும். மெல்லிய பின்னல் உடுப்பைப் போட்டுப் பட்டியைப் பூட்டி, அதற்கு மேலே அங்கியைப் போர்த்துவார்கள்.

கழுவல், காய்தல்

குளிர்ந்த நீரில், தலை கழுவும் ஷாம்பு கொஞ்சம் விட்டு, பிழியாமல் அமுக்குங்கள். துவாயில் சுருட்டி நீரை எடுத்து, நிழலில் தட்டையாக விரியுங்கள். கொடியில் போட்டால் நீரின் பாரத்தில் நீண்டுவிடும். மழை நாளில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் ஆகும், அவசரப்படாதீர்கள். ஈரம் போக முன் அலுமாரியில் வைத்தால் பூஞ்சணம்.

ரொறன்ரோவுக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்துவிடுவதாக இருந்தால், தொப்பிக்குள்ளே மிஞ்சிய நூலில் ஒரு சாண் துண்டைச் சுருட்டி வையுங்கள். எங்காவது ஓட்டை விழுந்தால் தங்கச்சி அதே நூலால் தைப்பாள். மார்கழி முடிந்ததும் உங்கள் வீட்டுத் தொப்பியைக் காய்ந்த வேப்பிலையோடு மூடி இறுகிய டப்பாவில் வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் தலை ஒரு செ.மீ. போலத்தான் வளர்ந்திருக்கும், கம்பளி என்றால் இன்னும் பொருந்தும். பருத்தி என்றால் 47 கண்ணியோடு புதிதாகத் தொடங்குங்கள்.